தொல்பொருள் திருட்டைத் தடுக்க எதுல முதல்ல காசு போடணும்: காவலா, போட்டோவா, கஸ்டம்ஸா, வாங்குறவன் கையைப் பிடிக்கறதா?

சிலை கடத்தல், புதையல் திருட்டுன்னு நியூஸ் வந்தாலே முக்காவாசி பேர் சொல்றது ரெண்டு விஷயம் தான். காவல் போடுங்க, வெளிநாட்டுல இருக்கறத மீட்டுட்டு வாங்க. ரெண்டும் வேணும் தான், நான் மறுக்கல. ஆனா எந்த நாட்டுலயும் தொல்லியலுக்குன்னு ஒதுக்குற காசும் ஆளும் கம்மி, அந்தக் கம்மியான காசை எங்க முதல்ல போட்டா திருட்டு குறையும், எதைக் கொஞ்சம் பொறுத்து செய்யலாம்னு யாரும் உக்காந்து ஒப்பிட்டுப் பாக்கறதில்ல. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப வருஷமா மனசு கிடந்து அடிச்சுக்குது, கிடைச்ச கேஸ் எல்லாம் தேடித் தேடி படிச்சிருக்கேன், அதுல இருந்து எனக்குத் தோணுற வரிசையை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இதுல ரெண்டு வகை திருட்டு இருக்கு, ரெண்டுக்கும் மருந்து வேற வேற. ஒண்ணு, இருக்குன்னு ஏற்கனவே ஊருக்குத் தெரிஞ்ச பொருள் களவு போறது. கோயில்ல இருக்கற சிலை, மியூசியம் ஷெல்ஃப்ல இருக்கற களிமண் பலகை, அகழாய்வு முடிஞ்சு குடோன்ல பெட்டி பெட்டியா அடுக்கி வச்சது, இந்த மாதிரி. இன்னொண்ணு, மண்ணுக்குள்ள இருக்கற பொருளை ராத்திரியில தோண்டி எடுக்கறது. அந்தப் பொருள் இருந்துச்சுன்னே தோண்டினவனைத் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது. இந்த வித்தியாசத்தைப் பாக்காம எல்லாத்துக்கும் ஒரே திட்டம் போட்டா காசு தான் வீணாப் போகும்.

தெரிஞ்ச பொருளுக்கு என்னோட ஓட்டு கண்ணை மூடிட்டு போட்டோவுக்கும் பட்டியலுக்கும் தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் கேஸை எடுத்துக்கோங்க. 2006-ல திருடு போச்சு. ஆளில்லாம பூட்டிக் கிடந்த கோயில், அதனால 2008-ல திறந்து பாத்தப்ப தான் எட்டு சிலை காணோம்னே தெரிய வந்துச்சு. அதே 2008-ல ஆஸ்திரேலியாவோட தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து நியூயார்க் டீலர் சுபாஷ் கபூர் கிட்ட அந்த நடராஜரை வாங்கிட்டாங்க. வாங்கும்போது அவங்களுக்குக் காட்டின பேப்பர்ல, சிலை 1970 வாக்குலயே டெல்லியில ஒரு சூடான் தூதரக அதிகாரி வாங்கி வெளிய கொண்டு போனதுன்னு இருந்துச்சு. பாக்க எல்லாம் சரியா தான் இருந்திருக்கும். ஆனா புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-ல இருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படம் பிடிச்சு வச்சிருக்காங்க, லட்சத்துக்கும் மேல போட்டோ இருக்கு அவங்க கிட்ட. அதுல இந்த நடராஜர் அதே கோயில்ல நிக்கற படம் இருந்துச்சு, எடுத்தது 90கள்ல. 1970-லயே நாட்டை விட்டுப் போயிடுச்சுன்னு பேப்பர் சொல்லுது, 90கள்ல கோயில்லயே நிக்குதுன்னு போட்டோ சொல்லுது, அப்புறம் என்ன வாதாடறது? 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைச்சாரு.

இதுல என்னை ரொம்ப உலுக்கின விஷயம் என்னன்னா, அந்தப் படங்களை எடுத்தவங்க போலீஸுக்காக எடுக்கல, சிற்ப ஆராய்ச்சிக்காக ஊர் ஊரா போயி எடுத்தாங்க, கருப்பு வெள்ளை ஃபிலிம்ல. அதுவே இத்தனை வருஷம் கழிச்சு இப்படி ஒரு சாட்சியா நிக்குதுன்னா, திருட்டைத் தடுக்கணும்னே நினைச்சு ஒழுங்கா எடுத்த படம் என்னவெல்லாம் செய்யும்னு யோசிச்சுப் பாருங்க.

ஒழுங்கா எடுக்கறதுன்னா எப்படி? நேரா முன்னாடி நின்னு மாலை, பட்டு எல்லாம் சாத்தின அலங்காரத்தோட ஒரு க்ளிக் எடுத்தா கோர்ட்ல அது நிக்காது. துணியை எடுத்துட்டு முன்பக்கம், முதுகு, ரெண்டு பக்கவாட்டு, பீடத்தோட அடி, எல்லாம் தனித்தனியா எடுக்கணும், பக்கத்துல ஒரு அளவுகோல் வச்சிருக்கணும். முக்கியமா குறைகளை எடுக்கணும். செப்புத் திருமேனியில மெழுகு வார்ப்பு தானே, அச்சை உடைச்சா தான் சிலை வெளிய வரும், அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வரவே வராது. வார்ப்புல எங்கயோ ஒரு சின்ன குழி விழுந்திருக்கும், திருவாசியில ஒரு சுடர் வளைஞ்சிருக்கும், ஒரு விரல் நுனி தேஞ்சிருக்கும், பழைய காலத்துல ஒட்டு போட்ட இடம் தெரியும். இது தான் அந்தப் பொருளோட கைரேகை. அழகா இருக்கற முகத்தைப் பத்து படம் எடுக்கறதை விட, பீடத்துக்கு அடியில இருக்கற அந்தக் கோணல் கீறலை ஒரு படம் எடுக்கறது பெருசு. கூடவே உயரம், எடை, என்ன உலோகம், எழுத்து ஏதாவது பொறிச்சிருக்கா, எங்க இருக்கு, என்னைக்கு எடுத்த படம், இவ்வளவும் ஒரு பக்கத்துல எழுதி வச்சா போதும். ஆப்ஜெக்ட் ஐடின்னு 1997-லயே இதுக்கு ஒரு உலகப் பொது வடிவம் வந்தாச்சு. இன்டர்போலோட திருட்டுக் கலைப்பொருள் பட்டியல்ல ஐம்பதாயிரத்துக்கு மேல பொருள் இருக்கு, ஐடி-ஆர்ட்னு இலவச ஆப் 2021-ல விட்டாங்க, அதுல நீங்களே ஒரு பொருளைப் படம் பிடிச்சு களவு போனதான்னு தேடிப் பாக்கலாம். இத்தாலி காராபினியெரி போலீஸ் 1969-லயே இதுக்குன்னு தனிப்பிரிவு ஆரம்பிச்சாங்க, அவங்க பட்டியல்ல பத்து லட்சத்துக்கு மேல பொருள் இருக்கு. உலகத்துல அதிகமா திரும்ப வாங்குற நாடுகள்ல இத்தாலியும் ஒண்ணா இருக்கறதுக்கு இந்தப் பட்டியல் பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

செலவுன்னு பாத்தா ஒரு கேமரா, ஒரு விளக்கு, ஒரு அளவுகோல், பொறுமையான ரெண்டு பேர், அவ்வளவு தான். ஒரு தடவை எடுத்து நாலு இடத்துல காப்பி வச்சுட்டா வருஷா வருஷம் சம்பளம் கிடையாது. இதுக்குப் பக்கத்துல கூட வேற எந்த வழியும் வராது.

ஆனா இதோட எல்லையையும் சொல்லணும். மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு யாரு போய் போட்டோ எடுப்பா? 1995-ல ஜெனீவா ஃப்ரீபோர்ட்ல, அதாவது வரி கட்டாம பொருளை வச்சுக்கற கிடங்கு வளாகத்துல, ஜாக்கமோ மெடிச்சிங்கற இத்தாலி டீலரோட குடோனை உடைச்சு உள்ள போனப்ப ஆயிரக்கணக்குல தொல்பொருளும் கட்டுக் கட்டா போலராய்டு படமும் கிடைச்சுது. தோண்டி எடுத்த சூட்டோட, மண்ணு கூட போகாம, உடைஞ்ச துண்டுகளா எடுத்த படங்கள். திருடனே எடுத்து வச்ச அந்தப் படங்களை வச்சு தான் அப்புறம் எத்தனையோ மியூசியங்கள்ல இருந்த பொருள் இத்தாலியில களவு போனதுன்னு நிரூபிச்சாங்க. அந்த விசாரணையோட அழுத்தத்துல தான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 1972-ல பத்து லட்சம் டாலருக்கு வாங்கின யூஃப்ரோனியோஸ் ஜாடி (பழங்கால கிரேக்க ஓவியர் ஒருத்தர் வரைஞ்சது) 2008-ல இத்தாலிக்குப் போச்சு. 36 வருஷம்! அந்த ரெய்டு மட்டும் நடக்கலைன்னா இன்னைக்கும் அது நியூயார்க்ல தான் இருந்திருக்கும். மண்ணுக்குள்ள இருந்து போற பொருளுக்கு அதிர்ஷ்டத்தை நம்பிட்டு உக்கார முடியாது, அங்க வேற வழி வேணும்.

சரி, காவலுக்கு வருவோம். ஒரு மியூசியம், ஒரு பெரிய கோயில், ஒரு குடோன்னா காவல், கேமரா, அலாரம் எல்லாம் கண்டிப்பா வேலை செய்யும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஈராக்கை மட்டும் எடுத்துக்கிட்டா பதிவான தொல்லியல் மேடுகளே பத்தாயிரத்துக்கு மேல. ஒவ்வொண்ணுக்கும் ராத்திரி ரெண்டு பேர்னு கணக்கு போட்டுப் பாருங்க, எந்த அரசாங்கத்தால முடியும்? சேட்டிலைட்ல பாக்கலாம்னு சிலர் சொல்றாங்க. சிரியாவுல அபாமியாங்கற பழங்கால நகரத்தோட படங்களைப் பாத்திருக்கீங்களா, 2011-ல சமவெளியா இருந்த இடம் அடுத்த வருஷமே அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி குழி குழியா ஆகிப் போச்சு. பாத்தா நெஞ்சு பதறும். ஆனா சேட்டிலைட் காட்டினது தோண்டி முடிச்ச குழியைத் தான். எந்த இடத்துல திருட்டு அதிகம், எந்த மாதிரி பொருள் சந்தைக்கு வரப் போகுதுன்னு கணிக்க அது உதவும், தோண்டுறவனை அந்த நிமிஷம் தடுக்க உதவாது. சிலைகளை எல்லாம் மொத்தமா எடுத்து ஒரு பாதுகாப்பு மையத்துல வைக்கறதும் ஒரு வழி தான், திருட்டு குறையும், ஆனா கும்பிட்ட சாமியைக் கொண்டு போறாங்கன்னா ஊர்ல எதிர்ப்பு வரும், அந்த எதிர்ப்புல நியாயமும் இருக்கு. அதை எங்கயும் முதல் வழியா நான் சொல்ல மாட்டேன், ஆளே இல்லாம பூட்டிக் கிடக்கற கோயிலுக்கு மட்டும் சொல்வேன்.

மண்ணுக்குள்ள இருக்கற பொருளுக்கு உண்மையான காவல்காரங்க பக்கத்துல குடியிருக்கற மக்கள் தான். இதுக்கு எனக்குத் தெரிஞ்சு பெரு நாட்டுல சிபான் மாதிரி பாடம் வேற இல்ல. 1987 பிப்ரவரியில அங்க ஒரு மண் பிரமிட்டுல திருடங்க மோச்சேங்கற பழங்கால மக்களோட அரச கல்லறையை உடைச்சு தங்கமா அள்ளிட்டாங்க. போலீஸ் தேடிப் போனப்ப நடந்த மோதல்ல ஒருத்தர் சுடப்பட்டு செத்துப் போக, மொத்த ஊரும் தொல்லியல்காரங்க மேல கொதிச்சுப் போச்சு. வால்டர் ஆல்வாங்கற ஆய்வாளர் போலீஸ் பாதுகாப்போட தான் அங்க தோண்டவே முடிஞ்சுது. ஆனா அவர் உள்ளூர் ஆளுங்களையே வேலைக்குச் சேத்துக்கிட்டார், அதே வருஷம் யாரும் தொடாத ஒரு கல்லறை முழுசா கிடைச்சுது, அது தான் சிபான் பிரபு. 2002-ல லம்பாயெக்கேயில அதுக்குன்னே பெரிய மியூசியம் திறந்தாங்க, அப்புறம் தோண்டின இடத்துலயே இன்னொரு மியூசியமும் வந்துச்சு. ஆய்வாளரைக் கல்லெடுத்து விரட்ட நினைச்ச அதே ஊருக்கு இன்னைக்கு அந்தக் கல்லறை பெருமையும் பொழப்பும் ஆகியிருக்கு. தோண்டி விக்கறவன் கைக்கு வர்றது கடைசி விலையில ரொம்ப ரொம்ப சின்னப் பங்கு தான், மிச்சமெல்லாம் நடுவுல இருக்கற புரோக்கரும் டீலரும் அடிக்கறது, அதனால அந்தச் சின்னப் பங்குக்கு ஈடா நேர்மையான வருமானம் கிடைச்சாலே நிறைய பேர் மண்வெட்டியைக் கீழ வச்சிடுவாங்க. இந்த வழியில கஷ்டம் ஒண்ணு இருக்கு, காலம் ஆகும். பத்து பதினஞ்சு வருஷம் விடாம ஒரே இடத்துல நிக்க மனசுள்ள ஆள் வேணும். பாதியில விட்டுட்டுப் போனா முன்னை விட மோசமாயிடும்.

கண்டெடுத்தவனுக்கே பரிசு கொடுக்கலாமேன்னு ஒரு யோசனையும் உண்டு. பிரிட்டன்ல அது தான் நடக்குது, 1996-ல வந்த புதையல் சட்டப்படி, கிடைச்சதை அரசாங்கத்துக்குச் சொன்னா சந்தை விலை பரிசா கிடைக்கும், சாதாரணப் பொருளைப் பதிவு பண்ண 1997-ல இருந்து தனித் திட்டம் இருக்கு, பதினஞ்சு லட்சத்துக்கு மேல பொருள் பதிவாகியிருக்கு. 2009-ல கிடைச்ச ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலுக்கு 32.85 லட்சம் பவுண்டு மதிப்பு போட்டு கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரிச்சுக் கொடுத்தாங்க. நல்லா தான் இருக்கு. ஆனா அதே நாட்டுல 2015-ல ஹியர்ஃபோர்ட்ஷயர்ல ஒரு வைக்கிங் காலத்துப் புதையல் கிடைச்சு, எடுத்தவங்க சொல்லாம மறைச்சு வித்து, 2019-ல ஜெயிலுக்குப் போனாங்க. சுமார் 300 காசு இருந்திருக்கும்னு கணக்கு, கைக்குக் கிடைச்சது முப்பது சொச்சம் தான். சட்டம் சொன்ன பங்கே பெரிய தொகையா வந்திருக்கும், அதுக்கும் மேல ஆசைப்பட்டாங்க. அரசாங்கத்துக்கு சந்தை விலை கொடுக்கற வசதி இல்லாத நாட்டுல இந்த வழியைத் தொடவே வேண்டாம்னு தான் எனக்குத் தோணுது, ஏன்னா பரிசுன்னு சொல்லிட்டு கொடுக்காம இழுத்தடிச்சா அடுத்து கிடைக்கறது நேரா புரோக்கர் வீட்டுக்குத் தான் போகும்.

கஸ்டம்ஸ் பத்தி நீட்டி எழுத பெருசா இல்ல. பெட்டி மேல என்ன எழுதியிருக்கோ அதை நம்பித் தான் அங்க வேலையே ஓடுது. அமெரிக்காவுல ஹாபி லாபி கம்பெனி வாங்கின ஈராக்கோட ஆப்பெழுத்து (ஆப்பு வடிவத்துல இருக்கற பழைய எழுத்து) பொறிச்ச களிமண் பலகைகள் டைல்ஸ் சாம்பிள்னு லேபிள் ஒட்டி பார்சல்ல வந்துச்சு, 2017-ல அந்தக் கம்பெனி 30 லட்சம் டாலர் கட்டி ஆயிரக்கணக்கான பொருளைத் திருப்பிக் கொடுக்க ஒத்துக்கிட்டாங்க. நாலாயிரம் வருஷப் பழசையும் நேத்து செஞ்சதையும் பிரிச்சுப் பாக்கற கண்ணு எந்த கஸ்டம்ஸ் ஆபீஸருக்கும் தானா வந்திடாது, பயிற்சி கொடுக்கணும், எந்த நாட்டுல எந்த வகைப் பொருள் ஆபத்துல இருக்குன்னு சர்வதேச மியூசியம் கவுன்சில் போடற ரெட் லிஸ்ட் படங்களைக் கையில கொடுக்கணும். செய்யலாம், செய்யணும், ஆனா இதையே நம்பி இருக்கக் கூடாது.

இப்ப வாங்குறவன் பக்கம் வருவோம், இங்க தான் நிறைய நாள் எல்லாரும் கண்ணை மூடிட்டு இருந்தாங்க. தொல்பொருள் கடத்தலைத் தடுக்க 1970-ல யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்துச்சு, ஆனா அது பின்னோக்கிப் போகாது, ஒவ்வொரு நாடும் சேந்த தேதியில இருந்து தான் செல்லும். அமெரிக்கா 1983, பிரிட்டன் 2002, இப்படி வாங்குற நாடுகள் மெதுவா தான் சேந்தாங்க. 1995 யூனிட்ராய் ஒப்பந்தம் இன்னும் கடுமையானது, திருட்டுப் பொருள்னா நல்லெண்ணத்துல வாங்கியிருந்தாலும் திருப்பித் தரணும், அதுல அமெரிக்காவும் பிரிட்டனும் சேரவே இல்ல. சட்டத்துல இப்படி 1970-ங்கற வருஷம் ஒரு கோடா ஆனதும் போலி பேப்பர்காரங்களுக்கு வழி சுலபமாயிடுச்சு, அதுக்கு முன்னாடி அல்லது அதை ஒட்டி வெளிய போனதுன்னு எழுதிட்டா போதும். நடராஜரோட பேப்பரும் 1970 வாக்குல. மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல 35 லட்சம் யூரோ கொடுத்து வாங்கின நெட்ஜெமான்க்ங்கற பழைய எகிப்துப் பூசாரியோட தங்க சவப்பெட்டிக்கும் 1971-ல எகிப்து கொடுத்ததா ஒரு ஏற்றுமதி லைசன்ஸ் காட்டினாங்க. அது போலி, பெட்டி 2011 கலவரத்துல களவு போனது. 2019-ல திருப்பிக் கொடுத்தாங்க.

அதனால தான் நிரூபிக்கற பாரத்தை வாங்குறவன் தலையில ஏத்துற சட்டம் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 28-ல இருந்து, 250 வருஷத்துக்கு மேல பழசான தொல்லியல் பொருளை வெளிய இருந்து உள்ள கொண்டு வரணும்னா இறக்குமதி லைசன்ஸ் வாங்கணும், விலை எவ்வளவா இருந்தாலும் சரி. எந்த நாட்டுல உருவாச்சோ கிடைச்சுதோ அங்க இருந்து சட்டப்படி வெளிய வந்துச்சுன்னு கொண்டு வர்றவர் தான் காட்டணும். இத்தனை வருஷமா திருடு கொடுத்த நாடு நிரூபிக்கணும்னு இருந்த நிலைமை இதுல தலைகீழா மாறுது. நியூயார்க்ல மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் ஆபீஸ் 2021-ல மைக்கேல் ஸ்டைன்ஹார்ட்ங்கற பெரிய சேகரிப்பாளர் கிட்ட இருந்து 7 கோடி டாலர் மதிப்புள்ள 180 பொருளை வாங்கிட்டு, வாழ்நாள் முழுக்க தொல்பொருள் வாங்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. ஜெயில் இல்லைங்கறது எனக்கு இன்னும் ஆத்திரம் தான். இருந்தாலும் வாங்குற ஒருத்தருக்கு பயம் வந்தா, அதோட அதிர்வு புரோக்கர் வழியா தோண்டுறவன் வரைக்கும் போகும், விலை விழும். பேப்பர் இல்லாத பொருளை யாரும் தொட மாட்டாங்கன்னு ஆனா ராத்திரி முழுக்க குழி வெட்டி என்ன பிரயோஜனம்?

மீட்புக்கு நான் கடைசி இடம் தான் தருவேன், இதை சொன்னா சிலருக்கு வருத்தமா இருக்கும். ஒவ்வொரு கேஸும் வருஷக் கணக்கு, வக்கீல் செலவு, தூதரக அலைச்சல். சுபாஷ் கபூரை 2011-ல ஃபிராங்க்ஃபர்ட்ல பிடிச்சு 2012-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க, கும்பகோணம் கோர்ட் பத்து வருஷத் தண்டனை கொடுத்தது 2022 நவம்பர்ல. கோயில்ல இருந்து போன சிலை திரும்ப வந்தா அதுக்குன்னு ஒரு ஊர் காத்துட்டு இருக்கு, அந்த சந்தோஷத்துக்கு விலையே இல்ல. ஆனா குழியில இருந்து பிடுங்கின பொருள் திரும்ப வந்தா பொருள் மட்டும் தான் வரும். எந்த மண் அடுக்குல இருந்துச்சு, பக்கத்துல எலும்பு இருந்துச்சா, தானியம் இருந்துச்சா, கிழக்கே பாத்து வச்சிருந்தாங்களா மேற்கே பாத்தா, எதுவும் வராது. திருடன் மண்வெட்டி பட்ட அந்த நிமிஷமே அது போச்சு. அதனால மண்ணுக்குள்ள இருக்கறதுக்கு மீட்புங்கற வார்த்தையே எனக்கு ஒட்ட மாட்டேங்குது.

இப்ப முடிவுக்கு வர்றேன். கையில நூறு ரூபாய் இருக்கு, காப்பாத்த வேண்டியது பெரும்பாலும் கோயில், மியூசியம், குடோன்ல இருக்கற தெரிஞ்ச பொருள்னா, முதல் ரெண்டு வருஷம் அறுபது ரூபாயை போட்டோவுக்கும் பட்டியலுக்கும் போடுங்க, முப்பது ரூபாயை பூட்டுக்கும் காவலுக்கும், மிச்சத்தை அந்தப் பட்டியலை ஏல அறிவிப்புகளோட ஒப்பிட்டுப் பாக்கற ஒரு ஆளுக்கு. பட்டியலை எடுத்து பீரோவுல வச்சுப் பூட்டிட்டா அது இல்லாத மாதிரி தான். தோண்டாத மேடும் கல்லறையும் நிறைஞ்ச இடம்னா கணக்கே வேற, பாதிக்கு மேல அந்த இடத்து மக்களுக்குப் போகணும், அதுவும் வேலையாப் போகணும். கூடவே வாங்குற நாடுகள்ல சட்டம் வர அரசாங்கம் விடாம குரல் கொடுக்கணும், அதுக்கு ஆகுற காசு கம்மி, பலன் பெருசு. நீங்க உக்காந்திருக்கறது வாங்குற நாட்டுலன்னா யோசிக்கவே வேண்டாம், முதல் காசும் கடைசி காசும் உங்க சந்தையைக் கட்டுப்படுத்த தான்.

ஒரே ஒரு இடத்துல இந்த வரிசையை நானே மாத்துவேன், போர் வரப் போகுதுன்னு தெரிஞ்சா. அப்ப போட்டோ எடுத்துட்டு நிக்க நேரம் இருக்காது, எடுத்து ஒளிச்சு வைக்கறது தான் முதல் வேலை. ஆப்கானிஸ்தான்ல தில்யா தெப்பேயில 1978-79-ல கிடைச்ச இருபதாயிரத்துக்கு மேல தங்கப் பொருளை, காபூல் மியூசியம் ஆளுங்க ஜனாதிபதி மாளிகைக்குள்ள இருந்த வங்கிப் பாதாள அறையில வச்சுப் பூட்டிட்டு, ஆட்சி மேல ஆட்சி மாறியும் வாயைத் திறக்காம இருந்தாங்க. மியூசியம் கட்டடம் குண்டு விழுந்து நாசமாச்சு, உள்ள இருந்ததுல பெரும்பகுதி களவு போச்சு. இந்தப் பெட்டிகளை மட்டும் யாரும் தொடல. 2004-ல திறந்து ஒவ்வொண்ணா எண்ணிப் பட்டியல் போட ஆரம்பிச்சாங்க.